58 தாண்டியவர்களை ஆலையில் திரும்ப எடுக்கிறோம்: பிஎஃப், பென்ஷன், இஎஸ்ஐ, கிராஜுவிட்டி எப்படி?

ஆலைக்கணக்கு_மன்னார்குடி (கேள்வி)

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை. நிரந்தர ஆட்கள் 34 பேர். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் ஒழுங்காகக் கட்டி வருகிறோம். சம்பா நெல் வரத்து தொடங்குவதற்குள் ஓய்வு வயது கடந்த நாலு பேரை வேலையில் வைத்துக்கொள்ள முதலாளி முடிவு செய்திருக்கிறார்.

1. பாய்லர் ஆபரேட்டர். எங்களிடமே 22 வருட சர்வீஸ். டிசம்பர் 17-ல் 58 முடிகிறது. பேசிக், டிஏ சேர்த்து 20,800. இனி 15,600 என்று பேச்சு.
2. கணக்குப்பிள்ளை, வயது 61. வேறு கம்பெனியில் ஓய்வு பெற்றவர். பிஎஃப் பணத்தை முழுதாக எடுத்துவிட்டார். சம்பளம் 14,500.
3. வாட்ச்மேன், வயது 64. பழைய பிஎஃப் பணம் எடுக்காமல் கிடக்கிறது. முன்பு இஎஸ்ஐ-யிலும் இருந்தவர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சீசனுக்கு மட்டும்.
4. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற வயர்மேன், வயது 62. வாரியப் பென்ஷன் வாங்குகிறார். இதுவரை யுஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்கான நிலையான எண்) கிடையாது. சம்பளம் 20,000.

"வயசு தாண்டிருச்சு, எதுவும் பிடிக்க வேண்டாம். நாலு பேரையும் கன்சல்டன்ட் என்று போட்டு வவுச்சரில் கொடுத்துடலாம்" என்கிறார்கள் ஆலோசனை சொல்பவர்கள். இது சரிப்படுமா? எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும்?

---

குடந்தை_பிஎஃப்_பணி

சார், வவுச்சர் யோசனையை முதலில் ஒதுக்கி வையுங்கள். வருகைப் பதிவேடு உண்டு, ஷிஃப்ட் உண்டு, சொன்ன வேலையைச் செய்ய வேண்டும், மாதச் சம்பளம் வாங்குகிறார் என்றால் அவர் ஊழியர். பேப்பரில் என்ன பெயர் போட்டாலும் அது மாறாது. பிஎஃப் அலுவலகம் நிலுவையை நிர்ணயிக்க விசாரணை போட்டால் ஆலைப் பங்கோடு ஊழியர் பங்கையும் முதலாளியே கட்ட வேண்டும். அதன்மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அபராதம் தனி, 2024 ஜூன் மாதத்திலிருந்து அது மாதத்துக்கு 1 சதவீதம். பழைய மாதங்களில் பிடிக்காமல் விட்ட ஊழியர் பங்கை இன்று அவர் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது.

வயதால் நிற்பது ஒன்றே ஒன்றுதான்: இபிஎஸ் (பிஎஃப்-ஓடு சேர்ந்த ஊழியர் பென்ஷன் திட்டம்) பங்களிப்பு. அது 58-ல் நிற்கும். பிஎஃப்-க்கு உச்ச வயதே கிடையாது. 70 வயதானாலும் வேலையில் இருக்கும் உறுப்பினர் உறுப்பினர்தான். ஆனால் உங்கள் நாலு பேருக்கும் நாலு விதமான பதில்.

பாய்லர் ஆபரேட்டர்: 15,000 உச்சவரம்பில் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் ஊழியர் பங்கு 1,800 அப்படியே தொடரும். ஆலைப் பங்கு 1,800 இதுவரை 550 ரூபாய் கணக்கு 1-க்கும் (பிஎஃப்), 1,250 கணக்கு 10-க்கும் (பென்ஷன்) பிரிந்தது. 58 முடிந்த பிறகு முழு 1,800-ம் கணக்கு 1-க்கு. கணக்கு 21-க்குப் போகும் காப்பீட்டுத் தொகை 75 ரூபாயை நிறுத்திவிடாதீர்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் இடிஎல்ஐ தொகை அதிலிருந்து வருகிறது: 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்குக் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். இதற்கும் வயது வரம்பு இல்லை. வவுச்சரில் போட்டால் அந்தக் குடும்பம் முதலில் இழப்பது இதைத்தான்.

மாதத்தின் நடுவில் 58 முடிவதால் டிசம்பர் இசிஆர்-ல் (மாதாமாதம் பிஎஃப்-க்கு ஆன்லைனில் அனுப்பும் பட்டியல்) கவனம் வேண்டும். 1 முதல் 16 வரைக்கான சம்பளமே இபிஎஸ் சம்பளம்: 15,000-ஐ 31-ஆல் வகுத்து 16-ஆல் பெருக்கினால் 7,742. அதில் 8.33 சதவீதம் 645. மீதி 1,155 கணக்கு 1-க்கு. ஜனவரியிலிருந்து இபிஎஸ் சம்பளக் கட்டத்தில் 0. போன மாதக் கோப்பை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் பழக்கத்தால்தான் இங்கே தவறு நடக்கிறது. 58-க்குப் பிறகும் 1,250 கணக்கு 10-க்குப் போய்க்கொண்டே இருக்கும்; பென்ஷன் விண்ணப்பம் போடும்போது திரும்பி வரும். அப்புறம் ஆலையும் ஊழியரும் சேர்ந்து கடிதம் கொடுத்து, தவறாகப் போன தொகையைக் கணக்கு 1-க்கு மாற்றச் சொல்லி அலைய வேண்டும்.

கணக்குப்பிள்ளை: பணம் எடுத்தார் என்பது போதாது, எந்த வயதில், எந்தக் காரணத்தில் எடுத்தார் என்று பாருங்கள். 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்று முழுத் தொகையையும் எடுத்தவர் திட்டத்தின் கண்ணில் 'விலக்கப்பட்ட ஊழியர்'. சம்பளம் 15,000-க்குள் இருந்தாலும் அவரைச் சேர்க்கும் கட்டாயம் இல்லை. இரு தரப்பும் விரும்பினால் பிஎஃப் திட்டத்தின் 26(6) பத்திப்படி கூட்டு விருப்பம் கொடுத்துச் சேர்க்கலாம். ஆனால் 52 வயதில் வேலையை விட்டு, இரண்டு மாதம் கழித்து எடுத்தவர் என்றால் இந்த விலக்கு பொருந்தாது. 14,500 சம்பளத்துக்குக் கட்டாயம் சேர்க்க வேண்டும். படிவம் 11 (வேலையில் சேரும்போது தரும் பிஎஃப் உறுதிமொழி) வாங்கி, பாஸ்புக்கில் படிவம் 19 (முழுப் பிஎஃப் தொகையையும் எடுக்கும் விண்ணப்பம்) தீர்வான தேதியைப் பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலைக் கோப்பில் வையுங்கள். விசாரணை வந்தால் பேசுவது அந்தத் தாள்தான்.

வாட்ச்மேன்: பணம் எடுக்காததால் இன்னும் உறுப்பினர். சம்பளம் எவ்வளவானாலும் சேர்த்தாக வேண்டும், இபிஎஸ் இல்லாமல். அவருக்கு இதில் லாபமும் உண்டு. 55-க்கு மேல் ஓய்வு பெற்று 36 மாதம் எடுக்காமல் விட்ட கணக்கில் வட்டி நின்றுபோகும். பழைய யுஏஎன்-லேயே சேர்த்து, பழைய கணக்கை ஆன்லைனில் புதிய உறுப்பினர் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். பழைய சர்வீஸ் ஒன்பதரை வருடம் இருந்தாலே பத்தாகக் கணக்கிடுவார்கள். அப்படி இருந்தும் 10டி (பென்ஷன் விண்ணப்பம்) போடாமல் இருக்கிறாரா என்று கேளுங்கள். கிராமப்புறத்தில் பலர் பிஎஃப் வேறு பென்ஷன் வேறு என்று தெரியாமலே இருக்கிறார்கள்.

வயர்மேன்: இபிஎஃப்-ல் எப்போதும் இருந்ததில்லை, சம்பளமும் 15,000-க்கு மேல். கட்டாயம் இல்லை. அவர் சம்பளத்தை 15,000-க்குள் எழுதினால் கட்டாயம் ஆகிவிடும். அப்போது புதிய யுஏஎன்-ஐ மத்திய அரசின் உமாங் செயலியில் முகப் பதிவு மூலம்தான் எடுக்க முடியும்.

---

தோழர்_திருவாரூர்

பிஎஃப் பற்றி நண்பர் சொன்னது அத்தனையும் சரி. நான் பாய்லர் ஆபரேட்டரின் கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) வருகிறேன். இந்த நாலு பேரில் அதிகப் பணம் இழக்கக்கூடியவர் அவர்தான்.

கிராஜுவிட்டி கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து முழு சர்வீஸுக்கும் கணக்கிடப்படுவது. 20,800-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 12,000. 22 வருடத்துக்கு 2,64,000. இதை இப்போது தீர்க்காமல், "அப்படியே தொடருங்கள்" என்று 15,600-க்கு இறக்கி இரண்டு வருடம் ஓட்டினால்? வருடத்துக்கு 9,000 ஆகிவிடும். 24 வருடத்துக்கு 2,16,000. இரண்டு வருடம் கூடுதலாக உழைத்து 48,000 குறைவாக வாங்குவார். 58-ல் கணக்கு முடித்து 2,64,000 கொடுத்துவிட்டுப் புது உத்தரவு போட்டால், பிந்தைய இரண்டு வருடத்துக்கு 18,000 சேர்ந்து மொத்தம் 2,82,000. வித்தியாசம் 66,000 ரூபாய்.

ஆகவே தோழர், வரிசை முக்கியம். முதலில் ஓய்வு உத்தரவு, தேதியோடு. பிறகு கிராஜுவிட்டி விண்ணப்பம். 30 நாளுக்குள் பணம், தாமதமானால் வட்டியோடு. ஈட்டிய விடுப்புப் பணமும் அதோடு தீரட்டும். அதன் பிறகே புதிய பணி உத்தரவு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் பிற்பாடு "பணி முறியவில்லை, பழைய சர்வீஸ் தொடர்ந்தது" என்ற வழக்கு வரும். ஆலைக்கும் தலைவலி, அவருக்கும் தலைவலி.

அடுத்தது, அந்த 15,600-ஐப் பற்றி ஒரு கேள்வி. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலில் உள்ளன. கால வரையறைப் பணியில் எழுத்து ஒப்பந்தத்தோடு எடுக்கப்படுபவருக்கு, அதே வேலை செய்யும் நிரந்தர ஊழியரைவிட வேலை நேரமோ சம்பளமோ படியோ பாதகமாக இருக்கக் கூடாது என்பது அதில் உள்ளது. உங்கள் ஆலையில் இன்னொரு நிரந்தர பாய்லர் ஆபரேட்டர் 20,800 வாங்கிக்கொண்டு அதே எட்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறார் என்றால், இவருக்கு 15,600 என்பது நிற்காது. நேரத்தை உண்மையிலேயே குறைத்தால் அந்த விகிதத்தில் சம்பளத்தைக் குறைக்கலாம்: எட்டு மணி நேரத்துக்கு 20,800 என்றால் ஆறு மணி நேரத்துக்கு 15,600. உத்தரவில் ஆறு மணி நேரம் என்று எழுதி, ஆறு மணி நேரத்தோடு அனுப்புங்கள். சீசனில் பாய்லரை விட்டுப் போக முடியாது என்று பத்து மணி நேரம் நிறுத்தினால், மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம். எட்டாவது மணி வரை சாதா சம்பளம், அதற்கு மேல் இரட்டை என்று உத்தரவிலேயே தெளிவாக இருக்கட்டும்.

இன்னொன்று: கால வரையறைப் பணியாளருக்கு ஐந்து வருடம் காத்திருக்காமல் ஓராண்டு முடித்தாலே விகிதாசாரக் கிராஜுவிட்டி உண்டு. அதைத் தவிர்க்க 11 மாத ஒப்பந்தம், நடுவில் இரண்டு நாள் இடைவெளி, மறுபடியும் 11 மாதம் என்று எழுதும் பழக்கம் நம் பக்கத்து ஆலைகளில் உண்டு. செய்யாதீர்கள். 22 வருடம் அனல் முன்னால் நின்றவரிடம் 9,000 ரூபாய்க்காக இதைச் செய்வது நியாயமும் இல்லை. இடைவெளி செயற்கையானது என்று நிரூபிப்பது கடினமும் இல்லை. ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம் என்று நேராக எழுதுங்கள்.

பென்ஷன் வருகிறதே என்று யாருக்கும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்க முடியாது. வாட்ச்மேனுக்கு என்ன தருகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அரிசி ஆலைக்கான நடப்பு அகவிலைப்படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

---

ஆலைக்கணக்கு_மன்னார்குடி

தெளிவாகச் சொன்னீர்கள், இருவருக்கும் நன்றி. ஓய்வு உத்தரவும் புது உத்தரவும் தனித்தனியாகப் போடுகிறேன், ஆறு மணி நேரம் என்றும் எழுதுகிறேன். இன்னும் சில சந்தேகங்கள். ஓய்வு உத்தரவு போட்டால் பிஎஃப்-லும் விலகிய தேதி போட வேண்டுமா? ஆபரேட்டர் வேலையில் இருந்துகொண்டே பென்ஷன் வாங்கலாமா, அல்லது 60 வரை தள்ளிப்போட்டால் கூடுமாமே, அது நல்லதா? இஎஸ்ஐ, போனஸ் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

தஞ்சை_பேரோல்

இஎஸ்ஐ-யில் வயது என்ற பேச்சே இல்லை. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் நாலு பேரும் உள்ளே. ஆலை 3.25 சதவீதம், ஊழியர் 0.75 சதவீதம். வாரியப் பென்ஷன் வாங்கும் வயர்மேனும் சேர்த்திதான். பென்ஷன் தொகையை 21,000 கணக்கில் கூட்டக் கூடாது. மிகைநேரச் சம்பளம் வரம்பைக் கணக்கிடச் சேராது. 2025 நவம்பருக்கு முந்தைய பழைய சட்டத்தில் பங்களிப்பு கட்டும்போது சேர்ந்தது. 

சீசன் ஆளான வாட்ச்மேனுக்குத் தேதி பார்த்து வேலையில் எடுங்கள். பங்களிப்புக் காலம் அக்டோபர்–மார்ச், ஏப்ரல்–செப்டம்பர் என்று இரண்டு. ஒரு காலத்தில் 78 நாள் சம்பளம் பதிவானால்தான் அதற்குரிய பயன் காலத்தில் (அந்தப் பங்களிப்பின் பேரில் உதவி கிடைக்கும் காலம்) நோய்க்கால உதவித்தொகை, அதாவது சம்பளத்தில் 70 சதவீதம், 91 நாள் வரை. பொங்கலுக்கு முன்னால் ஜனவரி 10-ல் எடுத்தால் மார்ச் 31 வரை மொத்தம் 81 நாள். சம்பளமில்லாத ஞாயிறுகள் 12 போனால் 69. ஏப்ரல் நாட்கள் அடுத்த காலத்துக்குப் போய்விடும். நாலு மாதம் கட்டியும் இரண்டு பக்கமும் 78 எட்டாது. டிசம்பர் 22 வாக்கிலேயே எடுத்துவிட்டால் எட்டும். வாராந்திர ஓய்வுக்குச் சம்பளம் கொடுத்தாலும் அந்த நாட்கள் சேரும். சம்பா மூட்டை வருவதற்கு முன்பே காவலுக்கு ஆள் தேவைதான், ஆகவே ஆலைக்கு இதில் நட்டமில்லை.

வேலையில் அடிபட்டால் இந்த 78 நாள் நிபந்தனை கிடையாது. முதல் நாளே பாதுகாப்பு உண்டு. தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். எலிவேட்டர் பெல்ட், ஈரத் தளம், இரவு வெளிச்சக் குறைவு என்று வயதானவர் விழும் இடங்கள் நெல் ஆலையில் அதிகம். அதனால் "ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பதிகிறேன்" என்று இழுக்காமல் சேரும் நாளன்றே பதியுங்கள். பழைய இன்சூரன்ஸ் எண் உள்ள வாட்ச்மேனுக்குப் புது எண் போடாதீர்கள். இரண்டு எண்ணிலும் நாள் பிரிந்து ஒன்றிலும் தகுதி வராது. டிஸ்பென்சரியை ஆலைக்குப் பக்கத்தில் போடாமல் அவர் குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தேர்வு செய்யுங்கள்.

ஆபரேட்டர் பிற்பாடு முழுதாக ஓய்வு பெறும்போது இன்னொரு வசதி உண்டு. ஐந்து வருடமாவது இன்சூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் இஎஸ்ஐ மருத்துவம் தொடரும். வேலையை விட்ட சான்றைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அது இல்லாமல் கிளை அலுவலகத்தில் வேலை நடக்காது.

போனஸ்: 21,000-க்குள் சம்பளம், கணக்காண்டில் 30 நாள் வேலை. இவ்வளவுதான் தகுதி. குறைந்தபட்சம் 8.33 சதவீதம். சீசன் வாட்ச்மேனுக்கும் உண்டு. தீபாவளிக்கு அவர் வேலையில் இல்லை என்பதற்காகப் பட்டியலில் விடக் கூடாது.

கூடுதலாக ஒன்று, சட்டக் கட்டாயம் இல்லை. பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு 70 வயது வரை. ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். அவரவர் வங்கிக் கணக்கில் மே கடைசியில் பிடிப்பார்கள், அப்போது இருப்பு இருக்க வேண்டும். நாலு பேருக்கும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

---

குடந்தை_பிஎஃப்_பணி

விலகிய தேதி போட வேண்டாம். அதே ஆலை, அதே பிஎஃப் கோடு, ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. பழைய உறுப்பினர் எண்ணிலேயே தொடரலாம். இபிஎஸ் மட்டும் வயதால் நிற்கிறது. தேதி போட்டுவிட்டுப் புது எண் எடுத்தால் இரண்டு எண், ஒரு மாற்றல் விண்ணப்பம் என்று தேவையில்லாத வேலை.

வேலையில் இருந்துகொண்டே 58-லிருந்து பென்ஷன் வாங்கலாம். படிவம் 10டி. ஆன்லைனில் போடும் முன் இ-நாமினேஷன் (ஆன்லைன் வாரிசுப் பதிவு) முடித்து, மனைவி பெயரும் 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் முக்கால்வாசி விண்ணப்பம் திரும்புவது இன்ஷியலால்: பிஎஃப்-ல் 'கோ. மாரிமுத்து' என்று இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பிறந்த தேதியும் அப்படித்தான். பள்ளிச் சான்றில் ஒன்று, ஆதாரில் ஜனவரி 1. பிஎஃப் பதிவில் எது இருக்கிறதோ அதை வைத்துத்தான் அமைப்பு 58-ஐக் கணக்கிடும். டிசம்பர் 17 என்று நீங்கள் சொல்வது எந்த ஆவணத்தில் உள்ள தேதி என்று முதலில் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கூட்டு உறுதிமொழி போட்டுத் திருத்திவிட்டு 10டி-க்குப் போங்கள்.

தள்ளிப்போடுவது: வருடத்துக்கு 4 சதவீதம் கூடும், 60 வரை. அவருக்கு 58-ல் 3,000 பென்ஷன் என்று வைப்போம். பங்களிப்பு இல்லாமல் தள்ளிப்போட்டால் 60-ல் 3,240. இரண்டு வருடத்தில் விட்டது 72,000. மாதம் 240 வீதம் அதை மீட்க 300 மாதம், 85 வயதாகிவிடும். வேண்டாம். 1,250 பங்களிப்பையும் இபிஎஸ்-க்கே தொடர்ந்து கொண்டு தள்ளிப்போட்டால் இரண்டு வருட சர்வீஸ் சேர்ந்து ஏறக்குறைய 429 கூடும், அதன்மேல் 8 சதவீதம், ஆக 3,700 அளவில் வரும். விட்ட பென்ஷன் 72,000, இபிஎஸ்-க்குப் போன 30,000. ஒரு லட்சத்து இரண்டாயிரத்தை மாதம் 700 வீதம் மீட்கப் பன்னிரண்டு வருடம். உடல்நிலை நன்றாக இருந்து, மனைவி வயதில் மிகவும் இளையவராக இருந்தால் இரண்டாவது வழியை யோசிக்கலாம். பாய்லர் வேலை பார்த்த உடம்புக்கு, என் கருத்தில், 58-லேயே வாங்கிவிடுவது நல்லது. அப்படி முடிவெடுத்தால் நான் முதலில் சொன்ன டிசம்பர் கணக்கு அப்படியே பொருந்தும். தள்ளிப்போடுவதென்றால் இசிஆர் அனுப்பும் முன்பே விருப்பத்தைக் கொடுக்க வேண்டும்.

பென்ஷன் வரத் தொடங்கியதும் வாழ்நாள் சான்று கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்பது இபிஎஸ்-க்கு இல்லை. போனில் முகப் பதிவு செய்தால் போதும்.

இப்போது கிடப்பில் உள்ள வாட்ச்மேன் கணக்குக்கு ஆன்லைன் ஒத்துவரவில்லை என்றால் திருச்சிக்கு ஓட வேண்டாம். மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பிஎஃப் முகாம் நடத்துகிறார்கள், அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். ஆதார், பழைய பிஎஃப் எண் உள்ள சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக், பழைய கம்பெனியின் பெயரும் ஊரும். பழைய கம்பெனி மூடிவிட்டது என்றால் அதையும் அங்கேயே சொல்லி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

---

ஆலைக்கணக்கு_மன்னார்குடி

பிஎஃப் பதிவில் ஆபரேட்டரின் பிறந்த தேதி 17-தான், ஆதாரிலும் அதுவே. ஆனால் மனைவி பெயர் நாமினேஷனில் இல்லவே இல்லை, இன்று சேர்க்கிறேன். வாட்ச்மேனை 22-ஆம் தேதி முதல் எடுக்க முதலாளி சம்மதித்துவிட்டார். கணக்குப்பிள்ளை பாஸ்புக்கில் படிவம் 19 தீர்வு 59 வயதில் என்று இருக்கிறது, நகல் எடுத்துவிட்டேன்.

---

தோழர்_திருவாரூர்

நல்லது தோழர். கணக்குப்பிள்ளைக்கு பிஎஃப் இல்லை என்பதால் இடிஎல்ஐ-யும் இல்லை. 26(6) விருப்பத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பிடித்தம் 1,740 போகும், ஆலையும் அதே அளவு போடும். வேண்டாம் என்றால் அவர் கைப்பட எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.